குழாயில் பேசுகிற அம்மாள்

9-3-1964, திங்கள்

பாலில் இன்றும் தண்ணீர். கேட்டால், வெயில் காலத்தில் மாடு நிறையத் தண்ணீர் குடிக்கிறதாம். சரிதான்.

ஸ்டேஷனுக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது. தகரப் பெட்டி அளவு. மேலே இரண்டு சக்கரம், அவற்றில் சுற்றிய பழுப்பு நாடா. நாம் பேசுவதைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லுமாம். தண்டவாளத்தைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கு எச்சரிக்கை சொல்வதற்காக மேலே இருந்து அனுப்பியிருக்கிறார்கள். வயர் வேலை பார்க்கும் தோமினிக் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் பாலசுந்தரம் சார் முதலில் பேசிப் பார்த்தார். ஜலதோஷம் பிடித்த எருமை. புக்கிங் குமாஸ்தா பேசினார், ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. உடனே தோமினிக், "பார்சல் ஆபீஸ் இன்னாசிமேரி அக்காவைக் கூப்பிடுங்க சார். கோயில்ல செபமாலை அவங்கதான் சொல்லுவாங்க. கடைசி வரிசைக் கிழவிக்கும் கேக்கும்" என்றிருக்கிறான்.

என்னை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எதற்கு இந்த வேலை?

12-3-1964

பேசிவிட்டேன்.

பாலசுந்தரம் சார் தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "வேண்டாம்னா விட்டுடுங்கம்மா, வேற யாரையாச்சும் பாத்துக்கறேன்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது பிளாட்பாரத்திலிருந்து சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு தண்டவாளத்தைத் தாண்டி வந்தவர் என் வீட்டுக்காரர். கூட்ஸ் வண்டி மறைத்திருந்தது, பின்னால் வந்த மெயில் தெரியவில்லை. அவர், அற்புதராஜ், உட்கார்ந்த பார்சல் ஆபீஸ் நாற்காலியில்தான் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலையும் இந்த குவார்ட்டர்ஸும் அப்படிக் கிடைத்தவை.

"நான் சொல்லாம வேற யார் சார் சொல்றது?" என்றேன்.

"பயணிகள் கவனிக்கவும். தண்டவாளத்தைத் தாண்டிப் போகாதீர்கள். மேம்பாலத்தின் வழியே செல்லுங்கள். ஓடும் வண்டியில் ஏறாதீர்கள்." இவ்வளவுதான். இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது.

வெளியே வரும்போது சார், "யார் குரல்னு யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்மா" என்றார். என் வெள்ளைச் சேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

20-3-1964

இன்று முதல் ஒலிபெருக்கி பேசுகிறது. எட்டு ஊருக்குக் கேட்கிறது. குழாய் வழியாக வரும்போது மூக்கடைத்த குரல், எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், "தாண்டிப் போகாதீர்கள்" என்றது. திடுக்கிட்டுக் கரண்டியைப் போட்டுவிட்டேன். இந்த வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. கேட்டதும் என் குரலாகவே போயிற்று.

29-3-1964

பாஸ்குத் திருநாள், ஈஸ்டர். ஒருத்திக்கு எதற்குக் கறி என்று பருப்பு வைத்தேன்.

18-4-1964

ராமாயியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பிளாட்பாரத்தில் கொய்யாவும் கடலையும் விற்கிறவள். என் வாசல் வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். காலையில் கூடையோடு வரும்போது என் கதவு திறந்திருந்தால் புளியமரத்தடியிலேயே நின்றுவிடுவாள். நான் உள்ளே போன பிறகுதான் தாண்டுவாள். தாலியறுத்தவள் முகத்தில் விழித்தால் போணி ஆகாதே!

சாயங்காலம் அதே ராமாயி வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். "அம்மிணி, இது அடிபட்டுப் போச்சுங்க, நாளைக்கு ஆவாது, தின்னுங்க" என்று கொய்யாவை நீட்டுவாள். மிலிட்டரியில் இருக்கும் மகன் சென்றாயனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவாள். காலையில் நான் மூதேவி, சாயங்காலம் அம்மிணி.

கோபம் வருகிறது. வராமல் என்ன? ஆனால் அவள் வராத நாளில் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கிறேன். அதனால் கொய்யாவை வாங்கிக்கொள்கிறேன்.

5-6-1964

இன்று ஸ்டேஷனில் ரகளை. நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் மருதாசலம், மூத்த மகனுக்குத் திருப்பூரில் பெண் உறுதி செய்யச் சுற்றம் சூழ வந்திருக்கிறார். ஸ்டேஷன் வாசற்படியில் கால் வைத்ததும் குழாய் "போகாதீர்கள்" என்றது. அவ்வளவுதான், தாம்பாளத்தோடு அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட்டார்கள். மறுபடியும் குழாய். மறுபடியும் உட்கார்ந்தார்கள். இப்படியே உட்கார்ந்து எழுந்ததில் வண்டி போய்விட்டது.

மாஸ்டர் ரூமில் அவர் போட்ட சத்தம் பார்சல் ஆபீஸுக்குக் கேட்டது.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டு வந்து காலை வெக்கறேன், போகாதீங்கன்னா என்னங்க அர்த்தம்? எவளுங்க அவ, என்ற பையன் கண்ணாலத்தத் தடுக்கறவ?"

"தண்டவாளத்தைத் தாண்டிப் போகாதீங்கன்னுதாங்க சொல்லுது."

"எதைத் தாண்டியோ போகட்டுமுங்க! போகாதேங்கற பேச்சு காதுல உழுந்துச்சா இல்லீங்களா?"

முதலில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு தோமினிக் வந்து சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தச் சத்தம் காதில் விழக்கூடாதென்று சில பேர் ஸ்டேஷன் வாசலையே விட்டுவிட்டு, யார்டு பக்கமாகச் சுற்றி, தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே வருகிறார்களாம். கடவுளே. எதைச் செய்யாதே என்று சொன்னேனோ, அதைச் செய்ய நானே அனுப்பிக்கொண்டிருக்கிறேனா?

11-6-1964

பாலசுந்தரம் சாரிடம் போய் நின்றேன். "வேணாம், கூடாதுன்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். செய்யச் சொல்லுவோம்" என்றேன். புது வாசகம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

"பயணிகளே, பாலத்தில் ஏறி வாருங்கள். வண்டி நின்ற பிறகு ஏறுங்கள். நலமாகப் போய் வாருங்கள்."

சார் இரண்டு தடவை படித்தார். "கடைசி வரி ரூல்ல இல்லியேம்மா."

"ரூல்ல இல்லாட்டி என்ன சார், ஊர்ல இருக்கே."

சிரித்துவிட்டார். தோமினிக் மெஷினைத் திருகினான், சொன்னேன். கடைசி வரியைச் சொல்லும்போது யாரையும் நினைத்துக்கொள்ளவில்லை. நினைத்தால் நாடா முழுக்க இருமல்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று தோன்றியது. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கல்யாண வண்டி புறப்படும்போது நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். யாரும் நிற்கச் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. நமக்குச் சகுனம் கிடையாது என்று சாமியார் பிரசங்கம் வைக்கிறார். சனங்கள் ஆமென் சொல்லிவிட்டு, அப்படியே என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இந்த மூன்று வருஷத்தில் யாரையும் "போய் வா" என்று நான் அனுப்பியதில்லை.

2-8-1964

ஒரு பெரியவர். தலைப்பாகை, கையில் மஞ்சப்பை. குழாய்க்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நலமாகப் போய் வாருங்கள்" என்றதும், "வாரேன் சாமி, வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் பாலத்தில் ஏறினார். குழாயைப் பார்த்து!

பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதேன். சந்தோஷம்தான். வேறென்ன.

16-1-1965

பொங்கல் கூட்டம். யார்டு பக்கம் ஒருவர்கூட இல்லை, எல்லாரும் பாலத்தில். குழாய்க்காரம்மா சொல்லைக் கேட்டுவிட்டுப் போனால் காரியம் கைகூடுகிறதாம். தோமினிக் வந்து சொன்னான். முட்டாள் சனங்கள் என்றேன். இன்னும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

4-9-1965

எல்லையில் சண்டை வந்துவிட்டது. லீவில் வந்திருந்த சென்றாயனைத் தந்தி அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவும் பிள்ளையும் பிளாட்பாரத்தில் நின்றதைப் பார்சல் ஆபீஸ் வாசலிலிருந்து பார்த்தேன். வண்டிப் படியில் கால் வைத்தவனை ராமாயி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருடா சாமி. அந்தம்மா சொல்லட்டும்."

நான் சொன்னேன். அதாவது குழாய் சொன்னது. அப்புறம்தான் கையை விட்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். கொய்யா இல்லை, விற்கவே இல்லையாம். "அந்தக் கொழாய்ல பேசற மகராசி வாயி பலிக்கட்டுமுங்க அம்மிணி" என்றாள். மகராசி! பூவும் பொட்டுமாக ஒருத்தியை மனசில் வைத்திருக்கிறாள். நான்தான் அது என்று சொல்லிவிடலாம்தான். அவளுக்கு இருக்கும் ஒரே தைரியத்தை நான் எதற்குப் பிடுங்க வேண்டும்?

24-9-1965

சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். சென்றாயனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

28-10-1965

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

பண்ணையக்காரர் மருதாசலம் வந்தார். இந்தத் தடவை சண்டைக்கு இல்லை. மூத்த மருமகள் ஆண் குழந்தை பெற்றிருக்கிறாள். அதெல்லாம் குழாய்க்காரம்மா வாய்முகூர்த்தமாம். அந்த அம்மாளுக்கு மரியாதை செய்யவேண்டும் என்று தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, குங்குமம், ரவிக்கைத் துணி, மல்லிகைப்பூ எல்லாம் வைத்துக்கொண்டு, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புக்கிங் குமாஸ்தா பெருமையாக, "அதோ, பார்சல் ஆபீஸ்ல உக்காந்திருக்காங்களே, அவங்கதான்" என்று கை காட்டிவிட்டார். நல்ல எண்ணம்தான் அந்த மனுஷனுக்கு.

நான் எழுந்து நின்றேன். அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தாம்பாளம் பாதி நீட்டியபடி நின்றுவிட்டது. அந்த அம்மாள் என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். பிறகு பூவின் மேல் முந்தானையை இழுத்துப் போட்டு மூடினாள்.

"இவிகளா?" என்றார் மருதாசலம். அவர் கெட்டவர் இல்லை, முகம் அவமானத்தில் கறுத்துப் போயிற்று. திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் உட்கார்ந்து பார்சலுக்குச் சீட்டு ஒட்டினேன். தப்பான ஊர்ச் சீட்டை ஒட்டியிருக்கிறேன், சாயங்காலம்தான் தெரிந்தது.

2-11-1965

கல்லறைத் திருநாள். அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். "உங்களைத்தான் நிறுத்த முடியவில்லை, ஊரையாவது நிறுத்தலாம் என்று பார்த்தேன்" என்று சொன்னேன். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று.

4-11-1965

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தாலியறுத்தவள் வழியனுப்புவதா என்று மேலே எழுதிப் போட்டிருக்கிறார்களாம். பாலசுந்தரம் சார் கூப்பிட்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. மெட்ராஸ்லேர்ந்து வேற நாடா வருது" என்றார். மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார். சரி சார் என்றேன்.

அது போகட்டும். ராமாயி.

நாலைந்து நாளாகச் சாயங்காலமும் வரவில்லை. இன்று வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றபடியே கத்தினாள். "சொல்லியிருக்கலாமில்லீங்க? நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? உங்க சொல்லைக் கேட்டுட்டா என்ற பையன் பொறப்பட்டுப் போனான்? ரெண்டு மாசமா ஒரு தாக்கலும் இல்லீங்களே!"

நான் என்ன பண்ணேன்? நல்ல வார்த்தைதானே சொன்னேன்? போய்ட்டு வான்னு சொன்னது குத்தமா? புருஷன் செத்தா வாயும் சேந்து செத்துப்போகணுமா? எவ வயித்தெரிச்சலையும் நான் கொட்டிக்கல. இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தப் பையன் வராவிட்டால் அது என் தலையில்தான் விடியும். இதையெல்லாம் நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று எழுதிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன்.

15-11-1965

புது நாடா வந்துவிட்டது. சின்னப் பெண்ணின் குரல். சுத்தமாகப் பேசுகிறாள், குறை சொல்ல முடியாது. "தாண்டாதீர்கள், ஏறாதீர்கள், சாயாதீர்கள்." போய் வாருங்கள் கிடையாது, அது தேவையற்ற வாசகமாம். என்னுடையதைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள் என்று தோமினிக் சொன்னான். காசு கேட்டு அழும் பிள்ளை மாதிரி அவன் முகம் இருந்தது. அவனுக்கு நான் ஆறுதல் சொல்லவேண்டியதாயிற்று.

ரசம் வைத்தேன். யாரோ ஒருத்தி வெளியே பேசிக்கொண்டிருந்தாள்.

1-12-1965

தினமும் ஒரு செபமாலை சென்றாயனுக்கு. அவன் சாமி வேறு, என் சாமி வேறு. யாராவது கேட்டால் சரி.

25-12-1965

கிறிஸ்துமஸ். ஒன்றுமில்லை எழுத.

17-1-1966

வந்துவிட்டான்! வந்துவிட்டான்!

மத்தியான வண்டியில் இறங்கினான். இளைத்து, கறுத்து, தோளில் கட்டோடு. ஏதோ வடக்கத்தி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். ராமாயி கடலைக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பிளாட்பாரம் முழுக்கக் கடலை. குறுக்கே தண்டவாளத்தில் இறங்கப் போனவளை அவன் அந்தப் பக்கமிருந்து கத்தி நிறுத்தினான். "ஆத்தா, பாலத்துல வா!"

நான் மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். வெளியே வந்தபோது ராமாயி என்னைப் பார்த்தாள். மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். எனக்கு அது போதும்.

19-2-1966

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் ராமாயி. காலையில்! பக்கத்தில் சென்றாயன், பெட்டியோடு. மறுபடி வேலைக்குப் போகிறான்.

"புதுசாப் பேசறவ ஏறாதே, சாயாதேன்னே சொல்லிட்டிருக்காளுங்க. நீங்க சொல்லி அனுப்புனீங்க, வந்தான். இப்பவும் சொல்லுங்க அம்மிணி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் தாலியறுத்தவ ராமாயி. மறந்துட்டியா?"

"அது எனக்குத் தெரியாதுங்களா? அந்த வாயிதானுங்க இவன ஊடு கொண்டாந்து சேத்துச்சு."

"அவன் வராமப் போயிருந்தா?"

கொஞ்சம் யோசித்தாள். "வரலீன்னா, சாவற வரைக்கும் உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேனுங்க."

பொய் சொல்லத் தெரியாதவள். சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் அழுதோம். பையன் பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலுக்கு வந்து, அவன் தலையில் கை வைத்து, "நலமாப் போய்ட்டு வா, சென்றாயா" என்றேன்.

27-3-1966

ராமாயி வாய் சும்மா இருக்குமா? இன்று இரண்டு பேர். ஒருத்தி பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறாள், இன்னொருவர் கோர்ட்டு கேஸுக்கு. கேஸில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லி அனுப்பினேன்.

சகுனத்தால் அடிபட்டவள் இப்போது நானே சகுனமாகிவிட்டேன். கோயிலுக்குப் போய் சாமியாரிடம் கேட்டேன். ஆசீர்வாதம் சொல்வது பாவமில்லை, காசு வாங்காதே என்றார்.

9-6-1966

வைகாசி முகூர்த்தம். விடிந்ததிலிருந்து ஜன்னலைத் தட்டுகிறார்கள். முகத்தில் சோப்பு, கண் எரிகிறது, "இருங்க, வாரேன்" என்று கத்திக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். இவர்கள் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாணக் கூட்டமே நிற்கிறது. ஒரு மனுஷி நிம்மதியாக முகம் கழுவ வேண்டாமா? காபி ஆறிப் பச்சைத்தண்ணீர். வேலைக்கும் நேரமாகி, புக்கிங் குமாஸ்தாவிடம் பேச்சு வாங்கினேன். பாலத்தில் ஏறிப் போங்கள் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் விடவில்லை.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு நிழல். போன வாரம் பழனிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனவள், பெயர்கூட எனக்குத் தெரியாது. தலை மொட்டை, கையில் பிள்ளை. உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை.

"வந்துட்டேனுங்க அம்மிணி" என்றாள்.

அற்புதராஜ் போனதற்கப்புறம் இந்த வாசலில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தேன். "சரி, சரி" என்று சொல்வதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள்.